சிம்பன்சிக் குட்டியைத் தத்தெடுக்கப் பணம் கட்டலாமா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. சுருக்கித் தருகிறேன்: "என் மகளுக்கு ஏழு வயது. போனில் சிம்பன்சிக் குட்டி வீடியோ பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று அடம். ஆப்பிரிக்காவில் இருக்கிற ஒரு இடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டினால், அங்கே வளரும் குட்டி ஒன்றை அவள் பெயரில் தத்துக் கொடுத்துப் படத்தோடு சான்றிதழ் அனுப்புகிறார்களாம். பிறந்தநாளுக்குச் செய்யலாம் என்று பார்க்கிறேன். இந்தப் பணத்தால் காட்டில் இருக்கிற சிம்பன்சிகளுக்கு ஏதாவது நன்மை உண்டா, இல்லை இதுவும் ஒரு மிருகக்காட்சி சாலைதானா? அடைத்து வைத்துச் சோறு போடுவதற்குப் பதிலாகக் காட்டிலேயே விட்டுவிட்டால் என்ன?"

நான் முப்பது வருடம் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக இருந்தவன். மாடு, ஆடு, கோழிதான் பிழைப்பு. ஆப்பிரிக்கா போனதில்லை. குரங்கினங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பைத்தியம் மட்டும் உண்டு. அந்தப் பைத்தியம் பிடித்த கதையிலேயே தம்பியின் கடைசிக் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கண்ணமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரர் வீட்டில் ஒரு பெண் குரங்குக்குட்டி வளர்ந்தது. தாய் லாரியில் அடிபட்டுச் செத்தபோது அதன் வயிற்றைப் பிடித்தபடி கிடந்த குட்டி. கடைக்கார அம்மா புட்டிப்பால் கொடுத்து, கவுன் தைத்துப் போட்டு, இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தார். டீ குடிக்க வருகிறவர்கள் பிஸ்கட் கொடுப்பார்கள். மூன்று வருடம் ஊருக்கே செல்லம். நாலாவது வருடம் பக்கத்து வீட்டுப் பையனின் விரலை எலும்பு தெரியக் கடித்துவிட்டது. கட்டிப்போட்டார்கள். கயிறு இறுகி இடுப்பில் புண்ணாகிப் புழு வைத்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

புண் ஆறியதும் எல்லோரும் சொன்ன யோசனை தம்பி சொன்னதேதான்: மலையில் விட்டுவிடலாம். வனத்துறை ஆட்களோடு போய், குரங்குக் கூட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து விட்டோம். அதற்குக் கூட்டத்தோடு சேரத் தெரியவில்லை. பெரிய ஆண் குரங்கு முறைத்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டு ஒதுங்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? கடி வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்து, பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அது வாழ்ந்ததும் செத்ததும் கூண்டில்தான்.

நம்ம ஊர் நாட்டுக்குரங்குக்கே இந்தக் கதி. சிம்பன்சி நாலைந்து வயதுவரை தாய்ப்பால் குடிக்கும். எட்டு, பத்து வயதுவரை தாயை விட்டு அதிகம் விலகாது. எந்த மரம் எப்போது பழுக்கும், எந்த இலையைத் தின்னலாம், புற்றில் எந்தக் குச்சியை விட்டுக் கரையானை எடுப்பது, சாயங்காலம் கிளைகளை வளைத்துப் படுக்கை போடுவது எப்படி, இதெல்லாம் பிறவியிலேயே வருவதில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான கோட் டிவுவாரின் (ஐவரி கோஸ்ட்) தாய் காட்டில் (தாய் என்பது அந்தக் காட்டின் பெயர்தான்) கல்லாலும் கட்டையாலும் கொட்டை உடைத்துத் தின்னும் சிம்பன்சிகள் இருக்கின்றன. குட்டிகள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அதைச் சரியாகச் செய்யப் பல வருடம் ஆகிறது. இந்தப் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே தாயை இழந்த குட்டிக்குக் காடு என்பது நம்மைப் போலவே அந்நிய ஊர்.

அதைவிடப் பெரிய சிக்கல், காடு காலியாக இருப்பதில்லை. சிம்பன்சி ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து தங்கள் எல்லையை ரோந்து சுற்றுகிறவை. அந்நிய ஆண் கண்ணில் பட்டால் பல சமயம் கொன்றேவிடும். ஆகவே புதிதாக விடுவதென்றால் உணவு இருக்க வேண்டும், வேட்டை இருக்கக் கூடாது, ஏற்கெனவே குடியிருக்கிற சிம்பன்சிகளும் அதிகம் இருக்கக் கூடாது. இப்படி ஒரு காட்டை இன்றைய ஆப்பிரிக்காவில் தேடிப் பாருங்கள். முயன்றே பார்க்கவில்லை என்று இல்லை. காங்கோ குடியரசின் கொன்குவாட்டி பகுதியில் 1996 முதல் 2001 வரை 37 சிம்பன்சிகளை விட்டார்கள். பெரும்பாலானவை பிழைத்தன, சில பெண்கள் குட்டியும் போட்டன. காட்டு ஆண்களிடம் கடிபட்டுச் சிகிச்சை தேவைப்பட்டவையும் உண்டு. கினியில் 2008-ல் 12 சிம்பன்சிகளை மேல் நைஜர் தேசியப் பூங்காவில் விட்டார்கள். வருடக்கணக்காகப் பழக்கி, கழுத்துப் பட்டையில் கருவி மாட்டிப் பின்தொடர்ந்து செய்த வேலை அது. முடியும், ஆனால் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் முடியும்.

சரி, பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். சரணாலயம் என்றால் நமக்கு வேடந்தாங்கல் நினைவுக்கு வரும். காப்பகம் என்றால் முதுமலை புலிகள் காப்பகம். இரண்டுமே மிருகம் தன் இடத்திலேயே சுதந்திரமாக இருக்க, சுற்றிலும் சட்டம் காவல் காக்கிற ஏற்பாடு. தம்பி கேட்கிற இடம் அதல்ல. வேட்டைக்காரரிடமும் கடத்தல்காரரிடமும் வீட்டில் வளர்த்தவரிடமும் பறிமுதல் செய்த குட்டிகளைச் சாகும்வரை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். அநாதை இல்லம் என்று சொன்னால் சட்டென்று புரியும். நான் புகலிடம் என்றே சொல்கிறேன். மிருகக்காட்சி சாலையிலிருந்து முக்கியமான வித்தியாசம், நல்ல புகலிடம் எதுவும் இனப்பெருக்கம் செய்வதில்லை. பெண்களுக்குத் தோலடியில் கருத்தடை மருந்து வைத்துவிடுகிறார்கள். வெளியே இன்னும் குட்டிகள் பிடிபட்டு வந்துகொண்டே இருக்கும்போது உள்ளேயே பிறக்கிற ஒவ்வொன்றும் வரப்போகிற ஒரு அநாதையின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

இனி, ஏன் வந்துகொண்டே இருக்கின்றன என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து இன்று காட்டில் இருக்கிற சிம்பன்சிகள் ஏறக்குறைய 1,70,000-லிருந்து 3,00,000-க்குள் என்பது மதிப்பீடு. அதிகபட்ச எண்ணை எடுத்துக்கொண்டாலும் வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் வாழும் மனிதர்களைவிடக் குறைவு. பெனின், டோகோ, புர்கினா பாசோ நாடுகளில் அடியோடு போய்விட்டன. மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சி என்ற துணையினம் 1990-க்கும் 2014-க்கும் இடையில் 80 சதவீதம் குறைந்தது. கோட் டிவுவாரில் 1990 வாக்கில் எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் இருக்கும் என்று கணித்திருந்தார்கள். 2007-ல் மறுபடி எண்ணப் போனபோது பத்தில் ஒன்பது பங்கு காணவில்லை. நடுவில் உள்நாட்டுப் போர் வந்து, பூங்காக்களில் காவலர்களே இல்லாமல் போனதும் ஒரு காரணம்.

குறைந்தால் மறுபடி பெருகாதா என்று கேட்கலாம். ஆடு வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். நல்ல வெள்ளாடு இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று ஈனும், ஈற்றுக்கு இரண்டு குட்டி. பெண் சிம்பன்சி முதல் குட்டி போடவே 13, 14 வயதாகும். அப்புறம் ஐந்தாறு வருடத்துக்கு ஒன்று. அதிலும் பல, சின்ன வயதிலேயே செத்துப்போகும். ஒரு தாய் தன் ஆயுளில் வளர்த்து ஆளாக்குவது இரண்டோ மூன்றோதான். ஐம்பது சிம்பன்சி இருக்கிற கூட்டத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று பெரியவற்றைச் சுட்டாலே அந்தக் கூட்டம் சரியத் தொடங்கிவிடும்.

சுடுவது பெரும்பாலும் இறைச்சிக்காக. காட்டு ஓரத்து ஏழை, பசிக்கு வேட்டையாடுவது ஆதிகாலத்திலிருந்து இருப்பதுதான். அதைப் பெரிய குற்றமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. நிலைமையை மாற்றியது ரோடு. மரம் வெட்டும் கம்பெனி காட்டின் நடுவரைக்கும் பாதை போடுகிறது. மரம் ஏற்றிப் போகிற லாரியிலேயே இறைச்சியும் நகரத்துச் சந்தைக்குப் போகிறது. நகரத்தில் அது பசிக்கான உணவல்ல, காசு கொடுத்து வாங்குகிற ருசி. சிம்பன்சிக்கென்று வைக்காத சுருக்குக் கம்பியிலும் சிம்பன்சி மாட்டும். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் வளர்ந்த சிம்பன்சிகளில் கால்வாசிக்கும் மேல் கையோ காலோ ஊனப்பட்டவை. மான், பன்றிக்கு வைத்த கம்பியின் வேலை. நம்ம பக்கம் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் சிக்கிய பசுமாட்டின் காலை நான் எத்தனை முறை வெட்டி எடுத்திருக்கிறேன். மாட்டுக்காவது ஊசி போட ஆள் இருக்கிறது.

தாயைச் சுட்டால் முதுகில் இருக்கிற குட்டி மிஞ்சும். அதன் உடம்பில் விற்கிற அளவுக்குக் கறி இல்லை. உயிரோடு விற்றால் காசு. புகலிடங்களுக்கு வருகிற குட்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். தாய் குட்டியைச் சும்மா விடாது, கூட்டமும் விடாது. ஒரு குட்டி கைக்கு வருவதற்குள் காட்டில் பல பெரியவை செத்திருக்கும். வழியிலேயே நீர் வற்றிச் சாகிற குட்டிகளும் உண்டு. மகள் பார்த்த வீடியோவில் டயபர் கட்டிக்கொண்டு பால் குடிக்கிற குட்டி எப்படிக் கிடைத்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது நோய். இதில் நம்ம ஊருக்கே ஒரு தொடர்பு உண்டு. 1986-ல் நிர்மலா என்ற இளம் மருத்துவர் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடியில் வந்து இறங்கினார். அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அந்தச் சோதனைக்கூடத்தில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது. ஆராய்ச்சியை வழிநடத்தியவர் டாக்டர் சுனிதி சாலமன். உலகம் முழுக்கப் பரவிய அந்தக் கிருமியின் மூலம் தென்கிழக்குக் கேமரூன் காட்டுச் சிம்பன்சிகளின் ரத்தத்தில் இருந்த வைரஸ் என்பது பிறகு நிறுவப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டையாடிய சிம்பன்சியை அறுக்கும்போது யாரோ ஒருவரின் கைக்காயம் வழியாக ஏறியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

அவற்றிடமிருந்து நமக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். நம்மிடமிருந்து அவற்றுக்குப் போவது தெரிவதில்லை. சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் வேலை செய்த தான்சானியாவின் கொம்பேயில் 1966-ல் போலியோ மாதிரியான நோய் பரவிச் சிம்பன்சிகள் செத்தன, சில முடமாகின. தாய் காட்டில் ஆராய்ச்சியாளர்கள் பழக்கிவைத்திருந்த கூட்டங்களிலேயே சளிக்காய்ச்சல் புகுந்து பல செத்தன. சோதித்துப் பார்த்தால் மனிதர்களுக்கு வருகிற சாதாரணச் சுவாசக் கிருமிகள். 2013-ல் உகாண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சிகள் இருந்த ஒரு கூட்டத்தில் 5 செத்தன. காரணம், நமக்கு மூக்கொழுகி மூன்று நாளில் போய்விடுகிற ரைனோ வைரஸின் ஒரு வகை. இதனால்தான் இன்று காட்டுச் சிம்பன்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முகக்கவசம் மாட்டி, பத்து மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். எபோலா தனிக் கதை. 1994-ல் தாய் காட்டில் அது வந்தபோது, செத்த சிம்பன்சியை அறுத்துப் பார்த்த பெண் ஆராய்ச்சியாளருக்கே தொற்றியது, நல்லவேளை பிழைத்துக்கொண்டார்.

காடு போவதைப் பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் பாமாயில் வாங்காமல் இருந்தால் சிம்பன்சி பிழைக்கும் என்று நினைக்கிறார்கள். நம்ம ரேஷன் கடைக்கு வருகிற பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. அங்கே வீடிழப்பது ஒராங்குட்டான். சிம்பன்சி அந்தக் கண்டத்திலேயே கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் சிம்பன்சியின் காட்டைத் தின்றதில் சாக்லெட்டுக்குப் பெரிய பங்கு. உலகத்து கோகோவில் பாதிக்கும் மேல் கோட் டிவுவாரும் கானாவும் விளைவிப்பவை. கோட் டிவுவாரில் காகிதத்தில் பாதுகாக்கப்பட்டதாக இருந்த 23 காடுகளைச் சுற்றிப் பார்த்த ஆய்வாளர்கள், அவற்றில் 13-ல் குரங்கினமே ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று கண்டார்கள். உள்ளே போனால் கோகோ தோட்டம். இன்னொன்று அலுமினியம். மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகள் மிக அதிகமாக இருக்கிற நாடு கினி. அலுமினியம் எடுக்கிற பாக்சைட் தாது உலகிலேயே அதிகமாக இருப்பு உள்ள நாடும் அதுதான். 2024-ல் வந்த ஓர் ஆய்வு கினியின் சிம்பன்சிகளில் 23,000 வரைக்கும் சுரங்க வேலைகளால் பாதிக்கப்படலாம் என்று கணக்கிட்டது. நம் வீட்டு இட்லிக் குண்டானை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் தொடர்பு இல்லை என்றும் சொல்ல முடியாது.

இப்போது புகலிடத்துக்கு வருகிறேன். அங்கே போவதற்கு முன் திருப்பத்தூர் போக வேண்டும்.

ஜவ்வாது மலைச் சந்தன மரங்கள் எப்படிப் போயின என்று நம்ம மாவட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. பிடிபட்ட கட்டைகள் அங்கே வந்து சேரும், எடை போட்டு அடுக்கி, பிறகு ஏலம் விடுவார்கள். அந்தக் கிடங்கு ஒரே ஒரு சந்தனக் கன்றைக்கூட முளைக்க வைக்காது. ஆனால் அப்படி ஓர் இடமே இல்லையென்று வையுங்கள். செக்போஸ்ட்டில் லாரியை மடக்கிய ரேஞ்சர் கட்டைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்? நாலு தடவை மடக்குவார், ஐந்தாவது தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சிம்பன்சிப் புகலிடம் செய்கிற முதல் வேலை இந்தக் கிடங்கின் வேலைதான். சிம்பன்சி இருக்கிற நாடுகளிலெல்லாம் அதைக் கொல்வதும் விற்பதும் சட்டப்படி குற்றம். சர்வதேச வணிகமும் தடை. ஆனால் சந்தையில் கட்டிவைத்திருக்கிற இரண்டு வயதுக் குட்டியை எடுத்துப் போகிற காவலர் அன்று ராத்திரி அதை எங்கே படுக்க வைப்பார்? இடம் இல்லாத ஊரில் சட்டமும் இல்லை. ஆப்பிரிக்காவில் புகலிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த பிறகுதான் பறிமுதல் என்பதே நடைமுறையில் வந்தது. 2000-ல் அவை சேர்ந்து ஒரு கூட்டமைப்பும் அமைத்துக்கொண்டன. வித்தியாசம் என்னவென்றால், சந்தனக் கட்டையை ஏலம் விட்டுக் கிடங்கைக் காலி செய்யலாம். சிம்பன்சியை ஐம்பது வருடம் வைத்துச் சாப்பாடு போட வேண்டும்.

சியரா லியோனின் டாகுகாமா புகலிடத்தைச் சொல்கிறேன். நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் அங்கே இருக்கிறார். பாலா அமரசேகரன், இலங்கையில் பிறந்தவர். கணக்காளர் உத்தியோகம். 1988-ல் அவரும் மனைவியும் ஊர்ப்பக்கம் போனபோது கட்டிப்போட்டிருந்த நோஞ்சான் குட்டி ஒன்றைப் பார்த்து மனம் கேட்காமல் 20 டாலர் கொடுத்து வாங்கிவந்தார்கள். புரூனோ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் இன்னும் சில வீட்டுக்கு வந்து சேர, 1995-ல் தலைநகர் ஃப்ரீடவுனுக்கு மேலே இருக்கிற மலைக்காட்டில் புகலிடம் திறந்தது. உள்நாட்டுப் போரையும் எபோலாவையும் தாண்டி நிற்கிறது. (காசு கொடுத்து மீட்பதை இன்று எந்தப் புகலிடமும் செய்யாது. ஒரு குட்டியை விலைக்கு வாங்கினால் அடுத்த தாயைச் சுட முன்பணம் கொடுத்த மாதிரி. 1988-ல் அந்தத் தம்பதிக்கு வேறு வழி இல்லை.)

அந்த நோஞ்சான் குட்டி புரூனோ வளர்ந்து பெரிய தலைவன் ஆனான். 2006 ஏப்ரலில் பூட்டைத் திறந்து இன்னும் 30 சிம்பன்சிகளோடு வெளியே போனான். அன்று வண்டியில் வந்த உள்ளூர் ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். வேறு சிலர் காயப்பட்டார்கள். 27 திரும்ப வந்தன அல்லது பிடிபட்டன. புரூனோ வரவேயில்லை. கையிலேயே வளர்ந்த மிருகத்துக்கு மனிதனிடம் பயம் இருக்காது. பயமில்லாத சிம்பன்சி, பயப்படுகிற சிம்பன்சியைவிடப் பல மடங்கு ஆபத்து. காட்டில் விட்டால் என்ன என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். காட்டோரத்திலும் மனிதர்கள் வாழ்கிறார்கள்.

ஆனால் டாகுகாமாவின் நிஜமான சாதனை வேலிக்கு வெளியே இருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு, விவசாயிகளுக்கு உதவி, காட்டில் எத்தனை சிம்பன்சி என்று கணக்கெடுப்பு என்று வருடக்கணக்காக நடந்தது. 2019-ல் சியரா லியோன் சிம்பன்சியைத் தேசிய விலங்காக அறிவித்தது. கறியாகத் தின்ற விலங்கு ஒரு தலைமுறைக்குள் நாட்டின் அடையாளம் ஆனது. அப்படியும் 2025-ல் புகலிடத்தைச் சுற்றியிருந்த காட்டை ஆக்கிரமித்து வெட்டிக்கொண்டே வந்தபோது, அவர்கள் பார்வையாளர்களை நிறுத்திக் கதவை மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த மலைக்காடுதான் ஃப்ரீடவுனுக்குத் தண்ணீர் தருகிறது. பாலாற்று மணலை அள்ளித் தீர்த்துவிட்டுக் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உகாண்டாவில் விக்டோரியா ஏரியின் நடுவே இங்கம்பா என்ற தீவு, 1998-லிருந்து. சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது என்பதால் ஏரியே வேலி. காங்கோ குடியரசில் ஜேன் குடால் பெயரிலுள்ள நிறுவனம் 1992-ல் தொடங்கிய சிம்பூங்கா, இன்று ஆற்றுத் தீவுகளிலும் சிம்பன்சிகளை வைத்திருக்கிறது. ஜேன் குடால் 2025 அக்டோபர் 1-ஆம் தேதி 91 வயதில் காலமானார். கடைசிவரை ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தவர். ஜாம்பியாவில் சிம்ஃபுன்ஷி 1983-ல், மாட்டுப் பண்ணை வைத்திருந்த சிடில் தம்பதியிடம் முகத்தில் அடிபட்ட ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்ததில் தொடங்கியது. மாட்டுக்காரர்களிடம் குரங்கைக் கொண்டுவந்து கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கும் போல.

இந்த வேலை ஆபத்தில்லாததும் அல்ல. 2022 செப்டம்பரில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் லுபும்பாஷியில் ஒரு புகலிடத்துக்குள் புகுந்து மூன்று குட்டிகளைத் தூக்கிப்போய், பணம் கொடுத்தால்தான் தருவோம் என்று மிரட்டினார்கள். பிள்ளையைக் கடத்துகிற மாதிரியேதான்.

கடத்தல் என்றதும் எங்கோ ஆப்பிரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். 2009-லிருந்து சில வருடங்கள் கினியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள் "பண்ணையில் பிறந்தவை" என்ற சான்றோடு சீனாவுக்குப் போயின. கினியில் அப்படி ஒரு பண்ணையே கிடையாது. 2013-ல் அந்த நாட்டின் வனவிலங்கு வணிகத்தையே, அதைக் கண்காணிக்கிற சர்வதேச அமைப்பு (சைட்டீஸ்) நிறுத்திவைத்தது. நம் நாட்டில் 2019-ல் கொல்கத்தாவில் ஒருவர் வீட்டிலிருந்து மீட்ட மூன்று சிம்பன்சிகளை அமலாக்கத்துறை சொத்தாக முடக்கியது, ஒன்றுக்கு 25 லட்ச ரூபாய் என்று மதிப்புப் போட்டு. அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில்தான் அவற்றுக்கு இடம் கிடைத்தது. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிக்குள் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கின் குட்டிகள் பிடிபட்ட செய்தியையும் பார்த்திருப்பீர்கள். வாங்குகிற ஆள் இங்கே இருப்பதால்தான் பெட்டி இங்கே வருகிறது. டயபர் வீடியோவுக்கு நான் எரிச்சல்படுவது அதனால்தான். பக்கத்தில் மனிதன் நிற்கிற படத்தில் சிம்பன்சியைப் பார்க்கிறவர்கள், அதை வீட்டில் வளர்க்கலாம் என்றும் அது ஒன்றும் அழியவில்லை என்றும் நினைப்பது கூடுகிறது. அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

இனி பணம். நியாயமான ஓர் ஆட்சேபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சிம்பன்சியை ஆயுள் முழுக்கப் பராமரிக்கிற செலவில் காட்டுக்குள் எத்தனையோ காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம், அதனால் பிழைக்கிற சிம்பன்சிகள் அதிகம் என்று சில அறிவியலாளர்கள் சொல்வார்கள். கணக்குப்படி சரி. வெறும் எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் காவலருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே பிடித்துவிட்ட குட்டியை என்ன செய்வது என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. கூட்டல் கழித்தலில் டீக்கடைக் குரங்குக்கு இடமில்லை என்று தெரிந்தும் நான் புண்ணுக்கு மருந்து போட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே தம்பி, கட்டலாம். கட்டுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்கள் குட்டியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள விடுகிற இடமா? உடனே அடுத்த பக்கம் திருப்புங்கள். அது புகலிடம் இல்லை, கடை. நோய் பற்றி மேலே எழுதியதை நினைத்தாலே போதும். அங்கேயே குட்டிகள் பிறந்துகொண்டிருக்கின்றனவா? அதற்கும் வேண்டாம் என்பேன். எப்போதாவது கருத்தடை தப்பி ஒன்று பிறப்பது வேறு. சுற்று ஊர்க்காரர்களுக்கு வேலை தருகிறார்களா, அவர்களிடமே பழமும் கிழங்கும் வாங்குகிறார்களா, காட்டுக் காவலுக்கும் கடத்தல் வழக்குகளுக்கும் துணை நிற்கிறார்களா என்று அவர்களின் ஆண்டறிக்கையில் தேடுங்கள். இது இருந்தால் உங்கள் பணம் காட்டுச் சிம்பன்சிக்கும் போய்ச் சேருகிறது. இல்லாவிட்டால் ஓர் அநாதையின் சாப்பாட்டுக்குப் போகிறது. அதுவும் வீண் இல்லை, ஆனால் கேட்டது காட்டைப் பற்றியல்லவா, அதனால் சொல்கிறேன்.

சான்றிதழ் வந்தாலும் குட்டி உங்களுடையது ஆகாது. ஒரே குட்டியின் பெயரில் பல பேருக்குச் சான்றிதழ் இருக்கும், பணமும் பொதுவில்தான் சேரும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, நம்ம ஊர் அன்னதானத்துக்கு ஒரு நாள் செலவு எழுதிவைக்கிற மாதிரிதான்.

இன்னொன்று. தேர்ந்தெடுக்கும்போது மகள் ஆகச் சின்னதாக, பெரிய கண்ணோடு இருக்கிற குட்டியைத்தான் காட்டுவாள். முடிந்தால் அவளோடு உட்கார்ந்து பட்டியலின் கடைசிவரை பாருங்கள். இருபது, இருபத்தைந்து வயதில், காது கிழிந்து, முன்மண்டை வழுக்கையாகி, கேமராவை முறைத்துக்கொண்டு சில இருக்கும். டயபர் வயதுக் குட்டிக்கு ஆள் கிடைத்துவிடும். முறைக்கிறவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத்தான் சாப்பாடும் அதிகம்.